எழுத்தின் அடியும் சாய்வும்

உலகிலுள்ள கருவிகள் யாவும் தத்தம் தொழிலுக்கேற்ற வடிவம் பெற்றிருக்கின்றன. நிலத்தைக் கீறும் கொழுவுக்குக் கூர்மை வேண்டும். கதிரை அறுக்கும் அரிவாளுக்கு வளைவு வேண்டும். நீர் முகக்கும் குடத்துக்கு அகன்ற வயிறும் குறுகிய கழுத்தும் வேண்டும். எழுத்தும் ஒரு கருவியே ஆகும். ஒருவர் கருத்தை மற்றொருவர் உள்ளத்தில் சேர்ப்பது அதன் தொழில். நல்ல எழுத்து, படிப்பவர் கண்ணில் படாமலே பொருளை மட்டும் காட்டி நிற்கும். ஆயினும், ‘இச்சொல்லை நோக்குக, இதனை மறவற்க’ என்று எழுத்தே நம்மை நிறுத்திச் சொல்லவேண்டிய இடங்களும் உள. அத்தகைய இடங்களில் அச்சிடுவோர் எழுத்தின் உடையை மாற்றுவர். தடித்த எழுத்தை இடுவர். சாய்ந்த எழுத்தை இடுவர். சில வேளைகளில் இரண்டும் ஒருங்கே அமைந்த எழுத்தை இடுவர். அவ்வகை எழுத்தின் இயல்பு யாது? பயன் யாது? நம் தமிழுக்கு அது எவ்வளவு பொருந்தும்? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

யான் வாழும் உப்பளம் புதுச்சேரி நகரின் தென்பகுதியில் உள்ளது. இந்நகர் இரண்டு வகை எழுத்தைப் பல தலைமுறைகளாக அருகருகே கண்டு பழகிய நகர். இங்குள்ள பழைய தெருக்களில் நடப்போர், நீல நிறப் பலகையில் வெண்ணிற எழுத்தால் தெருவின் பெயர் பிரெஞ்சு மொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். துய்மா வீதி என்னும் பெயரை ஒருவர் உரோமன் எழுத்தில் படிப்பார். மற்றொருவர் தமிழ் எழுத்தில் படிப்பார். ஒரே பெயர், ஒரே பலகை, உடல்வாகோ வேறு. உரோமன் எழுத்து கோடுகளால் நிமிர்ந்து நிற்கின்றது. தமிழ் எழுத்து வளைவுகளால் இயங்குகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

உரோமன் எழுத்துகளை உற்று நோக்கினால், நிற்கும் கோடுகளின் தலையிலும் அடியிலும் சிறு குறுக்குக் கோடுகள் இருப்பது புலனாகும். பண்டை உரோமர் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே இக்கோடுகள் உண்டு. நூல்களை அச்சிடும் எழுத்தில் இவை பெரும்பாலும் மெல்லியனவாகவும், முனை குறுகியனவாகவும் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாட்டு எழுத்து வார்ப்போர் இவ்வடிக்கோடுகளைப் பட்டையாக்கினர். எழுத்தின் உடற்கோடு எவ்வளவு தடிப்போ, ஏறக்குறைய அவ்வளவு தடிப்பு அதன் அடிக்கும் அமைந்தது. இவ்வெழுத்தைப் பட்டையடி எழுத்து என்று நாம் வழங்கலாம். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்புக்குப் பின்னர் ஐரோப்பாவில் எகிப்துப் பொருள்கள்மீது பெருவிருப்பம் பரவியிருந்த காலம் அது. ஆகவே இதற்கு எகிப்தியன் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. பிரெஞ்சு மொழியினர் இன்றும் இதனை அப்பெயரின் தம் மொழி வடிவால் குறிக்கின்றனர்.

இவ்வெழுத்து ஏன் தோன்றியது? அக்காலத்தில் தொழில் பெருகிற்று, வாணிகம் பெருகிற்று, சுவரொட்டிகளும் அறிவிப்புத் தாள்களும் பெருகின. நூலைக் கையில் எடுத்து அமைதியாகப் படிப்பவனுக்கு மெல்லிய எழுத்து போதும். தெருவில் விரைந்து செல்பவனை நிறுத்துவதற்கு அது போதாது. தூரத்திலிருந்து தெரியவேண்டும், மட்டமான தாளிலும் மை பரந்து உருக்குலையாமல் நிற்கவேண்டும். பட்டையடி எழுத்து இத்தொழிலை நன்கு செய்தது. 1845-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இராபர்ட் பெஸ்லி என்பார் வெளியிட்ட கிளாரண்டன் என்னும் எழுத்து, இப்பேரொலியைச் சிறிது அடக்கி, அகராதிகளுக்கும் ஏற்றதாக்கியது. அகராதியில் நாம் தேடும் தலைச்சொல், அதன் பொருளை உரைக்கும் சொற்களினின்று வேறுபட்டுத் தோன்றவேண்டும் அன்றோ? அவ்வேறுபாட்டை அது அளித்தது.

தட்டச்சுப் பொறியிலும் பட்டையடிக்குச் சிறந்த பயன் உண்டு. அப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு இடம். அகன்ற எழுத்துக்கும் அவ்விடமே. ஒற்றைக் கோடாய் நிற்கும் ஒல்லியான எழுத்துக்கும் அவ்விடமே. ஒல்லி எழுத்தின் இருபுறமும் வெற்றிடம் தோன்றிச் சொல் சிதறுவதுபோல் காணும். அதன் அடியில் அகன்ற பட்டையை இட்டால் அவ்வெற்றிடம் நிரம்பிவிடும். 1950-களில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் அமைத்த கூரியர் என்னும் எழுத்து இம்முறையைப் பின்பற்றியதே. ஆகவே பட்டையடி வெறும் அணி அன்று. காரணத்தோடு பிறந்த உறுப்பு என்பது தெளிவு.

இனிச் சாய்வைப் பற்றிக் கூறுவோம். 1501-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுசியஸ் என்னும் அச்சகத்தார், இலத்தீன் புலவர் விர்ஜிலின் நூலைக் கையடக்கமான அளவில் முழுவதும் சாய்வெழுத்தால் அச்சிட்டார். அவ்வெழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிப்போ என்னும் கலைஞர். அறிஞர்கள் விரைந்து எழுதும் கையெழுத்தே அதற்கு மாதிரி. கை விரையும்போது எழுத்து முன்னோக்கிச் சாய்தலும், ஒன்றோடொன்று நெருங்குதலும் இயல்பு. முதலில் நூல் முழுவதற்கும் வழங்கிய சாய்வெழுத்து, பிற்காலத்தில் நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாயிற்று. நூலின் பெயர், பிறமொழிச் சொல், அழுத்திக் கூறவேண்டிய சொல் ஆகியவற்றைச் சாய்வெழுத்தில் இடும் மரபு உண்டாயிற்று. கையெழுத்துப் படியில் ஒரு சொல்லின் கீழ்க் கோடிட்டால், ‘இதனைச் சாய்வெழுத்தில் கோக்க’ என்று அச்சுக்கோப்பவர் பொருள் கொள்வர்.

பட்டையடியும் சாய்வும் ஓர் எழுத்தில் கூடினால் யாது நிகழும்? கையெழுத்தைப் பின்பற்றிய சாய்வெழுத்தில் வடிவங்களே மாறி, அடிக்கோடுகள் சிறு கொக்கிகளாய்க் குழையும். பட்டையடி எழுத்தின் சாய்விலோ, பெரும்பாலும் நிமிர்ந்த வடிவமே ஏறக்குறையப் பத்துப் பாகை அளவு சாய்ந்து நிற்கும். அடிப்பட்டை தரையோடு பொருந்தியே இருக்கும். 1934-இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல் என்னும் எழுத்தின் சாய்வு வடிவம் இதற்குத் தக்க சான்று. எங்கள் ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுப்போரைக் கண்டவர் இதன் இயல்பை எளிதில் உணர்வர். அவர்களுடைய பாதம் மணலில் ஊன்றி நிற்கும். உடலோ இழுக்கும் திசையில் சாய்ந்திருக்கும். ஊன்றாமல் சாய்ந்தால் வீழ்வர். சாயாமல் ஊன்றினால் வலை வாராது. உறுதியும் விரைவும் ஒருங்கே தோன்றும் அந்நிலையே இவ்வெழுத்தின் பண்பு. ஆதலின், ஓடும் செயலை உணர்த்தும் விளம்பரத்துக்கும், விளையாட்டு அறிவிப்புக்கும், தலைப்பின்கீழ் வரும் ஒரு வரிக்கும், பட்டையடி எழுத்தால் அமைந்த பக்கத்தில் அழுத்திக் கூறும் ஒரு சொல்லுக்கும் அது நன்கு பயன்படும். பக்கம் முழுவதையும் அதனால் நிரப்பினால், எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசும் அவைபோல ஆகிவிடும்.

இதுகாறும் கூறியது உரோமன் எழுத்தைப் பற்றியது. தமிழ் எழுத்து வளர்ந்த வழி வேறு. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் எழுதினர். பனையோலையின் நரம்பு நெடுகச் செல்வது. அந்நரம்பை ஒட்டி நேர்கோடு கீறினால் ஓலை கிழியக்கூடும். வளைவாக எழுதினால் கிழியாது. ஆதலால் நம் எழுத்துகள் வளைவு மிக்கனவாய் வளர்ந்தன என்பர். பின்னர் ஈய எழுத்து வந்தது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் தமிழில் அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்கு, செருமனி நாட்டின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியனவாய் இருந்து தாளை மிகுதியாகக் கொண்டமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். வெனிஸ் நகரத்தார் எழுத்தைச் சாய்த்து நெருக்கினர். தரங்கம்பாடியார் எழுத்தைச் சிறிதாக்கினர்.

புதுச்சேரிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றியபோது, இங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். அது வேப்பேரியில் பப்ரீசியஸ் என்னும் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சாயிற்று. அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரி மிஷன் அச்சகத்திலிருந்தே முசே, துய்புயி என்னும் பாதிரியார் இருவரும் தொகுத்த தமிழ் பிரெஞ்சு அகராதி, 1855-இலும் 1862-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. வேற்று நாட்டு எழுத்தோடு நம் எழுத்தை ஒரே வரியில் அமைக்கும் கலை இந்நகருக்குப் புதிதன்று.

எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. உரோமன் எழுத்தில் அடிக்கோடும் சாய்வும் உடை போன்றவை. அவற்றை இட்டாலும் நீக்கினாலும் ஒலி மாறாது. தமிழிலோ அவை உயிர் போன்றவை. ‘எ’ என்னும் குறிலையும் ‘ஏ’ என்னும் நெடிலையும் ஒப்பிட்டு நோக்குக. நிற்கும் கோட்டின் அடியில் ஒரு சிறு சாய்கோடு, அவ்வளவே வேற்றுமை. பண்டைக் காலத்தில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்றன. இது தொல்காப்பியம் கூறும் விதி. ஓலையில் புள்ளியிட்டால் துளை விழும் என்று அஞ்சிப் பலரும் புள்ளியிடாமல் எழுதினமையால், குறில் எது, நெடில் எது என்று அறிதல் அரிதாயிற்று. அக்குறையை நீக்கிக் குறில் நெடில்களைத் தனித்தனி வடிவால் வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர் என்பர். அவ்வாறே ‘ர’ என்னும் எழுத்தும் ‘ா’ என்னும் துணைக்காலும் முற்காலத்தில் ஒரே வடிவாக எழுதப்பட்டன. அடியில் ஒரு சாய்கோடு இட்ட பின்னரே ரகரம் தனித்து விளங்கிற்று. எனவே, அடியிலே ஒரு கோடு, அக்கோட்டிலே ஒரு சாய்வு என்னும் இவ்விரண்டையும் தமிழர் அழகுக்காக இடவில்லை. பொருள் மயங்காமைக்காகவே இட்டனர்.

இதன் ஆழத்தை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. யான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாணவர்க்கு வாசிப்புப் போட்டி ஒன்று நடைபெற்றது. படிக்கவேண்டிய பகுதியைக் கணிப்பொறியால் கோத்துத் தாளில் அச்சிட்டிருந்தனர். ஆங்கில விளம்பரம் ஒன்றன் எழுத்தழகில் ஈடுபட்ட யாரோ, தமிழ் எழுத்தின் நிற்கும் கோடுகளுக்கெல்லாம் பட்டையடி அமைந்த எழுத்துருவைத் தேர்ந்து, அதனையும் சாய்த்துத் தடிப்பாக்கியிருந்தனர். மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் படிக்க எழுந்தான். ‘ஊரார் ஒன்றுகூடி எரியை அணைத்தனர்’ என்பது அத்தாளில் இருந்த தொடர். அவன் ‘ஏரியை அணைத்தனர்’ என்று படித்தான். அவையில் சிரிப்பு எழுந்தது. சிறுவன் திகைத்தான். அடுத்த வரியில் ‘வரம்’ என்பதற்கு முன் நெடுநேரம் தயங்கி நின்றான். ரகரம் அவன் கண்ணுக்குக் காலாகத் தோன்றியது. நடுவருள் ஒருவர், ‘இவனுக்கு எழுத்தே தெரியவில்லை, கீழ்வகுப்பு மாணவரோடு அமர்த்திப் பயிற்றவேண்டும்’ என்றார். சிறுவனுடைய கண்கள் கலங்கின.

யான் அத்தாளை வாங்கிப் பார்த்தேன். எகரத்தின் அடியில் பட்டை; சாய்ந்த பட்டை. அதனை ஏகாரம் என்று படித்தவன் கண்மீது குற்றம் யாது? நடுவரின் இசைவு பெற்று, அப்பகுதியைக் கரும்பலகையில் நிமிர்ந்த எழுத்தால் எழுதினேன். ‘தம்பி, அஞ்சாமல் படி’ என்றேன். ‘சரிங்க ஐயா’ என்று மெல்லக் கூறிய அவன், ஒரு பிழையுமின்றி, கடற்காற்றில் கூவிப் பழகிய கணீரென்ற குரலில் முழுவதையும் படித்து முடித்தான். சிரித்த அவை அடங்கியது. கீழ்வகுப்பு என்ற பேச்சும் அத்தோடு நின்றது. எரி என்பது தீ. ஏரி என்பது நீர்நிலை. ஓர் அடிக்கோடு தீயை நீராக்கிவிடுகின்றது. அறிவுடைய பிள்ளையை அறிவிலி ஆக்கவும் பார்க்கின்றது.

பின்னர் அத்தாளைக் கோத்த இளைஞரைக் கண்டு உரையாடினேன். ‘ஐயா, ஆங்கிலத்தில் இவ்வெழுத்து எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! தமிழும் அப்படி விளங்கவேண்டும் என்றுதானே செய்தேன்?’ என்று அவர் வினவினார். அவர் கருத்தில் தமிழ்ப்பற்று இருந்தது. ஆதலின் யான் சினவாமல், ‘தம்பி, ஒருவர் சட்டை மற்றொருவருக்கு அழகாகலாம், ஆனால் சட்டைக்கு ஏற்ப உடலை வெட்டலாமா?’ என்றேன். எரி, ஏரி; எடு, ஏடு; எது, ஏது என்னும் இணைகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாமே அவற்றைப் பட்டையடிச் சாய்வில் கோத்துப் பார்த்தார். சிறிய அளவில் அவற்றைப் பிரித்தறிய அவராலும் இயலவில்லை. அடுத்த முறை தலைப்பை மட்டும் சற்றுத் தடித்த நிமிர்ந்த எழுத்தால் அமைத்து, பாடப்பகுதியை எளிய எழுத்தால் அச்சிட்டுத் தந்தார்.

எழுத்தின் வடிவம் என்றும் மாறலாகாது என்பது என் கருத்தன்று. மொழி வாழ்வதற்கு மாற்றமும் வேண்டும். 1935-இல் பெரியார் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை, 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதனால் ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் நீங்கி, எழுத்துகள் ஒரே முறையில் அமைந்தன. கற்கும் குழந்தைக்குச் சுமை குறைந்தது. அச்சுக்கோப்பவருக்கு எழுத்துப்பெட்டியின் அறைகள் குறைந்தன. அம்மாற்றத்தால் எந்த எழுத்தும் மற்றோர் எழுத்தாக மயங்கவில்லை. மாற்றத்தை அளக்கும் கோல் இதுவே: கற்பவனுக்கு வழி எளிதாயிற்றா, இடறலாயிற்றா?

இனி, அழுத்திக் கூறவேண்டிய சொல்லுக்குத் தமிழில் வழி யாது என வினவலாம். நம் மொழி அதற்கு வழி கண்டே வைத்துள்ளது. ‘அவன் வந்தான்’ என்பதனை ‘அவனே வந்தான்’ என்று கூறுக. ஓர் ஏகாரத்தால் அழுத்தம் பிறந்துவிட்டது. ஆங்கில நூலில் ஒரு சொல்லைச் சாய்த்துப் பெறும் பயனை நாம் ஓர் இடைச்சொல்லால் பெறுகின்றோம். ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் கூறும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் இத்தொழிலையே செய்கின்றன. ‘அவனும் வந்தான்’ என்னும் உம்மை மற்றொரு வகையில் நம் கருத்தை ஈர்க்கின்றது. சொல்லை முன்பின்னாக நிறுத்தினும் அழுத்தம் தோன்றும்: ‘நேற்று வந்தவன் அவன்’ என்னும் தொடரில் இறுதியில் நின்ற சொல் ஓங்கி ஒலிப்பதைக் காண்க. இச்சொல்வளத்தைப் பயன்படுத்தி எழுதுபவனுக்குச் சாய்வெழுத்தின் தேவை மிகக் குறைவு.

ஆயினும் சுவரொட்டிக்கும் கடைப்பலகைக்கும் நூலின் மேலட்டைக்கும் எடுப்பான எழுத்து வேண்டும் என்பதை யார் மறுப்பர்? கலைஞர் அவ்வெழுத்தைத் தமிழின் உடல்வாகு அறிந்து அமைத்தல் வேண்டும். தடிப்பைக் கூட்டும்போது ணகர னகரங்களின் சுழிகள் மையால் அடைபடாதவாறு உள்வெளியைக் காத்தல் வேண்டும். பட்டை இடவேண்டுமாயின், குறில் நெடிலாகாத இடத்திலும், கால் ரகரமாகாத இடத்திலும் இடுதல் வேண்டும். சாய்க்க வேண்டுமாயின் சிறிதே சாய்த்து, ஏகாரத்தின் சாய்கோட்டை இன்னும் நீட்டி விளக்கமாக்குதல் வேண்டும். கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டினால், தனிச் சாய்வு வடிவம் இல்லாத எழுத்தையும் அது சாய்த்துவிடும். அது வெறும் வளைப்பு. கலைஞன் எழுத்தெழுத்தாக நோக்கி வரைந்ததே அமைப்பு.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் அச்சுத் தொழிலில் ஈடுபடலாம். சிலர் புதிய எழுத்துருக்களை வரையலாம். ஏனையோர் பள்ளி மலருக்கும் திருமண அழைப்புக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். பிறநாட்டு எழுத்தின் அழகைக் கண்டு மகிழுங்கள்; அது எக்காரணத்தால் அவ்வழகைப் பெற்றது என்று வினவுங்கள். பின்னர் நம் எழுத்தின் காரணத்தையும் அறிந்து, அதற்கேற்ற அழகை அதற்குப் படையுங்கள். எங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு உள்ளது. உப்பு உணவுக்குச் சுவை தருவது, அதுவே உணவாவதில்லை. தடிப்பும் சாய்வும் எழுத்துக்கு அத்தகையன. அளவறிந்து இடுக, இட்டபின், எழுத்தை இப்போதுதான் கற்றுக்கொண்ட சிறுவன் ஒருவன் கையில் அத்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுக. அவன் தடையின்றிப் படிப்பானாயின் உங்கள் எழுத்து அழகியது.